மூலநடை

மனிதப் பாதத்தின் வரலாற்றில் இரண்டே இரண்டு பொன்னாட்கள்தாம் உண்டு என்றார் எங்கள் நிறுவனத் தலைவர் டாக்டர் பரந்தாமன். முதலாவது, நம் ஆதி மூதாதை நான்கு காலிலிருந்து இரண்டு காலுக்கு எழுந்து நின்ற நாள். இரண்டாவது, இன்று. "இடையில் நடந்ததெல்லாம் வெறும் நடை" என்று அவர் சொல்லி நிறுத்தியபோது கைதட்டினோம். அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே குறித்திருந்தார்கள்.

இதை அவர் வெறுங்காலோடு நின்று சொன்னார். ஆய்வகத்தில் அன்று பூசை. ஆகவே விருந்தினர், விஞ்ஞானிகள், முதலீட்டாளர்கள் என்று அத்தனை பேரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தோம். விழா முடிந்து வெளியே போனபோது தலைவருடைய இத்தாலியக் காலணிகளில் இடதுகால் மட்டும் இருந்தது. வலதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார். விரட்டினால் மந்திரச் சத்தத்துக்கு இடைஞ்சலாகும் என்று விட்டுவிட்டாராம். உலகின் மிக நவீனமான காலணி ஆய்வகத்திலிருந்து அதன் தலைவர் ஒற்றைக் காலணியோடு காருக்கு நொண்டிக்கொண்டே போனார். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் சிறிது தூரம் தள்ளி இருக்கிறது எங்கள் திருவடி டைனமிக்ஸ். நான் வைரவன், அளவீட்டுப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் ஏதாவது நடந்தால் பொறுப்பு, நடக்காவிட்டால் ஆள் என்று அர்த்தம்.

அன்று பூசை போடப்பட்டது ஒரு டிரெட்மில்லுக்கு. சாதாரண டிரெட்மில் இல்லை. எண்ணூறு கிலோ எடை. பட்டையின் அடியில் ஆயிரக்கணக்கான சென்சார்கள். கப்பலில் வந்த அதைப் பொருத்தித் தர ஒரு வெளிநாட்டுக்காரரும் வந்தார். நான்கு நாள் பேசாமல் வேலை பார்த்தார். லேசர் வைத்து மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்து, "மிகச் சரியான கிடைமட்டம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். மறுநாள் காலை வாஸ்து நிபுணர் வந்தார். இயந்திரத்தின் மேல் ஓடுகிறவர் தெற்குப் பார்த்து ஓடுவார், அது யமன் திசை என்றார். எட்டுப் பேர் சேர்ந்து, நகர்த்துவதற்காக அடியில் இருந்த அதன் உருளைகளை இறக்கி, கிழக்குப் பார்க்கத் திருப்பினோம். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்து, புது லாரிக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழம் நசுக்கி, உருளைகளைத் தூக்கி, அவற்றை ஒட்டியிருந்த இரும்புக் கால்களில் நிறுத்தினோம். வடை பாயசத்தோடு பந்தி. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து எழிலரசி வந்தாள்.

இருபத்தொரு வயது. ஐயாயிரம் மீட்டரில் மாநிலச் சாதனை. ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி. எங்கள் விளம்பரப் பிரிவுக்கு அது போதவில்லை. ஜவ்வாது மலையில் வெறுங்காலோடு மான்களைத் துரத்தியவள் என்று எழுதி, பாறை மேல் வெறுங்காலோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். முள் குத்தி இரண்டு நாள் பயிற்சி போயிற்று.

"சார், நான் ஆறாங்கிளாஸ்லருந்து ஷூ போட்டுகினுதான் ஓடறேன்" என்றாள் என்னிடம். "மானை நான் வண்டலூர் ஜூலதான் பாத்துக்கீறேன். டூர்ல."

அவள் உடம்பில் நாற்பத்திரண்டு இடங்களில் சென்சார் பொட்டுகளை ஒட்டினோம்.

"இன்னா சார், ஈசிஜியா?"

"இல்லம்மா. உன் கால் எப்படி இறங்குது, எந்த இடத்துல எவ்வளவு அழுத்துது, எப்ப கிளம்புதுன்னு இந்த மிஷின் எழுதிக்கும். நொடிக்கு ரெண்டாயிரம் தடவை."

"எழுதி?"

"அதோ அந்தப் பிரிண்டர் அதைப் பார்த்து ஷூ அடிக்கும். அடிப்பாகம் முழுக்கத் தேனடை மாதிரி அறை அறையா இருக்கும். கெட்டியா வேணும்ங்கிற இடத்துல கெட்டி. மெத்துன்னு வேணும்ங்கிற இடத்துல மெத்து. ஒரு அறை மாதிரி இன்னொண்ணு இருக்காது."

"அத்ததான் எல்லாக் கம்பெனியும் பண்றானே."

"அவங்க காலுக்கு ஏத்த ஷூ பண்றாங்க. நாம ஷூவுக்கு ஏத்த கால் பண்றோம்" என்றேன். இது தலைவருடைய வாக்கியம். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் விளக்கினேன். "உன் ஓட்டத்தை ஷூவுல அச்சடிச்சு வேற ஒரு பிள்ளைக்கு மாட்டுறோம்னு வை. கால் தப்பா இறங்கினா அடிப்பாகம் லேசாத் தள்ளும். உன்னை மாதிரி இறங்கினா விட்டுடும். அந்தப் பிள்ளைக்குத் தள்ளுறதே தெரியாது. மூணு வாரத்துல தசை பழகிடும். அப்புறம் அது உன்னை மாதிரியே ஓடும். உன்னோடதுக்கு மூலநடைன்னு பேர் வச்சிருக்கோம்."

எழிலரசி டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப அதோட ஓட்டம்?"

"எது?"

"அந்தப் பிள்ளை கால்ல ஏற்கெனவே ஒரு ஓட்டம் இருக்கும்ல சார். அது எங்க போவும்?"

இதற்கு எங்கள் கையேட்டில் பதில் இல்லை. "பங்கேற்பாளரின் ஐயங்கள்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். எழுத இடம் சிறியது.

அவள் பதினோரு நாள் ஓடினாள். கணினி கொடுத்த படத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அவளுடைய ஓட்டம் முழுவதும் இடப்பக்கம் அரை டிகிரி சாய்ந்திருந்தது. ஒவ்வோர் அடியிலும், எல்லா வேகத்திலும், அதே அரை டிகிரி. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைமை விஞ்ஞானி முனைவர் சாருலதா. கெட்டிக்காரர், கடுமையான உழைப்பாளி. வெளிநாட்டில் பதினாறு வருடம் முழங்கால்களைப் பற்றி மட்டும் படித்தவர்.

"சாதாரண ஓட்டக்காரி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுவா, வைரவன். மேதை அப்படி ஓட மாட்டா. இதுதான் அவ ரகசியம்" என்றார்.

"மேதைமைச் சாய்வு" என்று பெயர் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று கண்டங்களில் மேற்கோள் காட்டினார்கள். கட்டுரையில் என் பெயர் ஏழாவதாக இருந்தது. அம்மாவுக்கு அனுப்பி வைத்தேன்.

அந்தச் சாய்வை அப்படியே அச்சடித்த காலணிகளைப் போட்டவர்கள் ஓடுதளத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடினார்கள். இது உண்மை, நானே நேரம் குறித்தேன். எழிலரசியும் தன் காலணியைப் போட்டுக்கொண்டு தன் சாதனையையே இரண்டு முறை உடைத்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ரயில்வேயில் வேலை வந்தது. தற்காலிக ஆணைதான். ஆறு மாதத்தில் மருத்துவக் குழுவின் முன் நின்று உடல்தகுதி பெற்றால் நிரந்தரம். அவள் இனிப்புப் பெட்டி கொண்டுவந்தாள். அதே வாரம், பன்னிரண்டு லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூலநடைக் காலணி கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் ஆறு பள்ளிகளில் சோதனை, பிறகு மாநிலம் முழுவதும். பிரிண்டர்கள் மூன்று ஷிப்டும் ஓடின. "ஒரு தலைமுறையே ஒரே காலில் நிற்கப் போகிறது" என்றார் தலைவர். அந்த வாக்கியத்தை யாராவது முன்கூட்டியே படித்துப் பார்த்திருக்கலாம்.

நான்காவது மாதம் ஒரு முற்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது. சோதனைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சி ஆசிரியர், மோசஸ் மாஸ்டர்.

"சார், பிள்ளைங்க நல்லா ஓடுதுங்க. அதுல குறை இல்ல. ஆனா பிரேயர்ல நிக்கிறத ஒரு தடவை பாருங்க."

படம் அனுப்பினார். மைதானத்தில் அறுபது பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அறுபது பேரும் இடப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒரே பக்கக் காற்றில் நின்ற நாற்று மாதிரி. கொடிக்கம்பம் மட்டும் நேராக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் கம்பம்தான் சாய்ந்திருக்கிறது என்று தோன்றியது.

"ஷூவைக் கழட்டினா சரியாயிடும் மாஸ்டர்."

"கழட்டியாச்சு சார். பரீட்சை லீவுல பத்து நாளு யாரும் ஷூ போடல. ஷூ போயிடுச்சு, சாய்வு போகல. நாலாம் வகுப்புல ஒரு பொண்ணு. மாடிப்படி ஏறச்சொல்லோ இடுப்பைப் புடிச்சிகினு ஏறுது. ஒம்போது வயசு சார். அதுக்கு இன்னாத்துக்கு இடுப்பு வலி?"

சாருலதாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு கணினியில் ஏதோ தட்டினார்.

"ஓடுதளம் எந்தப் பக்கம் வளையும், வைரவன்?"

"இடப்பக்கம்."

"உலகம் முழுக்க இடப்பக்கம்தான். இவ்வளவு நாள் வளைவுல எவ்வளவு, நேர்ல எவ்வளவுன்னு பிரிச்சே பாக்கலை நான். வேகம் மொத்தமும் வளைவுலதான் வந்திருக்கு." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நேரான பாதையில ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் குறைஞ்சுகூட இருக்கு."

"பிள்ளைங்க வீட்டுக்கு நேர் ரோட்டுலதான் போறாங்க, மேடம்."

 சாருலதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதைத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்றார். சொன்னார். தலைவர் கேட்ட ஒரே கேள்வி, "நேர்ப் பாதைக்கு யார் பதக்கம் கொடுக்கிறார்கள்?" என்பது. கூடப் போயிருந்த நான், நூறு மீட்டருக்குக் கொடுக்கிறார்கள் என்றேன். அது நமது சந்தை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் எழிலரசிக்கும் ஆரம்பித்துவிட்டது. இடது இடுப்பு. முதலில் ஓடினால் வலி, பிறகு நடந்தால், பிறகு உட்கார்ந்தால். எக்ஸ்-ரேயில் எலும்பு தேய்ந்திருந்தது. மருத்துவக் குழுவுக்கு இன்னும் ஒரு மாதம். அவளைத் தலைவர் அறைக்கு வரச் சொன்னார்கள். விளக்கப்படம் காட்டுவதற்காக நானும் இருந்தேன்.

"நீ எங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறாய், தாயே" என்றார் தலைவர், ரொம்பக் கனிவாக. "உன் உடம்பில் பிறவியிலேயே ஒரு சாய்வு இருந்திருக்கிறது. ஒருவேளை சிறுவயதில் அடிபட்டிருக்கலாம். அதை நீ சொல்லாததால் அந்தக் குறை எங்கள் காலணிக்குள் வந்துவிட்டது. பன்னிரண்டு லட்சம் குழந்தைகள். யோசித்துப் பார்."

மேசையில் ஒரு தாள் இருந்தது. சிறுவயதில் ஏற்பட்ட இடுப்புக் காயத்தை நான் மறைத்துவிட்டேன் என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எழிலரசி அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு மெடிக்கல்ல பாஸ் போட மாட்டாங்க சார். வேலை போயிடும்."

"உன் திறமைக்கு வேலையா கிடைக்காது?"

"எனக்கு அடியே படல சார். வேணும்னா எங்க நைனாவக் கேளுங்க." பிறகு சுவரைக் காட்டினாள். அங்கே அவளுடைய பாறைப் படத்தின் கீழ் பெரிய எழுத்தில் 'மேதைமைச் சாய்வு' என்று இருந்தது. "நாலு மாசம் முன்ன இத்தையே மேதைன்னு போட்டீங்க. இப்ப நொண்டின்றீங்க. அதே அரை டிகிரிதானே? நான் எதையும் மாத்தலியே."

வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல் என்று அனுப்பினார்கள். போகிறபோது என்னைப் பார்த்தாள். நான் விளக்கப்படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்ட வேண்டிய அவசியம் இல்லை. அது திரையில் ஓடுகிற படம். கையில் கிடைத்த வேறு எதையோ சுருட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். வாசலில் இருபதடி உயரத்தில் அவள் படம் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்திருந்த காவலாளி அவளிடம் அடையாள அட்டை கேட்டார். நான் போய் அழைத்து வந்தேன். தோளில் ஒரு சாப்பாட்டுப் பை.

"சார், நைனாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அது ஒரே வார்த்தைதான் சொல்லிச்சு. வண்டி ஆடுச்சின்னா நாங்க பொட்டியப் பாக்க மாட்டோம், ரோட்டப் பாப்போம்னுது. ரோடுன்னா தண்டவாளம்."

"புரியலையே."

"வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளத்தக் கொஞ்சம் ஒசரமா வச்சிருப்பாங்க சார். இல்லாங்காட்டி வண்டி வேகமா திரும்ப முடியாது. இடப்பக்கம் வளையுதுன்னா வலது ஒசரம். அத்தையே நேர் ரோட்டுல வச்சா சக்கரமும் தேயும், தண்டவாளமும் தேயும். எனக்கு இடுப்பு தேயுது. நான் பொட்டி சார். நான் ஓடின ரோட்டப் பாக்கணும்."

பையிலிருந்து அவள் எடுத்தது சாப்பாடு இல்லை. ஒரு ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே மாதிரி. மஞ்சள் பிளாஸ்டிக், நடுவில் பச்சைத் திரவத்தில் ஒரு குமிழி.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் இருந்தது. அதைக் காட்டினேன். லேசர் வைத்துப் பார்த்தது என்றேன். அவள் அதைக் கவனமாகப் படித்தாள்.

"இதுல தேதி பதினெட்டு. பூசை எப்ப சார்?"

"இருபது."

 ரசமட்டத்தை டிரெட்மில் பட்டையின் குறுக்கே வைத்தாள். நடுவில் நிற்க வேண்டிய குமிழி அவசரமே இல்லாமல் நகர்ந்து வலப்பக்கம் போய் நின்றுகொண்டது. திருப்பி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வலப்பக்கம்.

"வலது ஒசரம்" என்றாள்.

நான் தரையில் படுத்துக் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். எண்ணூறு கிலோ இயந்திரத்தின் நான்கு இரும்புக் கால்களில் மூன்று தரையில் நின்றன. வலது பின்காலுக்கும் தரைக்கும் நடுவில் கறுப்பாக, வட்டமாக, தோல்போல் காய்ந்த ஒன்று இருந்தது. ஓரத்தில் குங்குமம். ஐந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும்.

"இன்னாது சார் அது?"

"எலுமிச்சம்பழம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து தானும் பார்த்தாள். குனிந்ததும் முகம் சுருங்கிப் பல்லைக் கடித்தாள்.

"இது மேலதான் ஓடிகினு இருந்தனா?" என்றாள். "பதினோரு நாளும்?"

திங்கட்கிழமை தலைவர் அறையில் நாங்கள் மூன்று பேர். தலைவர், சாருலதா, நான். நான் சொல்லி முடித்ததும் சாருலதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.  மூன்று கண்டங்களில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அவருடைய கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

"அப்ப நான் அளந்தது அவளை இல்ல" என்றார். "ஒரு காய்ஞ்ச பழத்தை."

தலைவர் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அதை எடுத்துவிட்டீர்களா?"

"இல்லை சார்."

"எடுக்கக் கூடாது. அதை எடுத்தால் சாய்வு போகும். சாய்வு போனால் வேகம் போகும். வேகம் போனால் நாம் வெறும் செருப்புக் கடை. நன்றாக யோசித்துப் பாருங்கள் வைரவன், அந்தப் பழம் அங்கே தற்செயலாகவா போனது? எல்லா வல்லமையும் படைத்த ஒரு சக்தி…"

"பிள்ளைங்களுக்கு இடுப்பு தேயுது சார்."

"அதற்கு இரண்டாம் கட்ட ஆய்வு இருக்கிறது."

அன்று மாலையே ஆட்கள் வந்து வலது பின்காலைச் சுற்றிக் கண்ணாடி போன்ற பிசினை ஊற்றினார்கள். பழம் அதற்குள் பத்திரமாக உறைந்தது. வரைபடத்தில் அதற்குப் பதினேழாம் உறுப்பு, 'நிலைப்புத் தகடு' என்று பெயர் கொடுத்தார்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் அதன் மூலப்பொருளைக் கேட்டிருந்தார்கள். 'இயற்கை இழைக் கலவை' என்று எழுதினார் தலைவர். சாருலதா கையெழுத்திட மறுத்து விடுப்பில் போனார். போகும்போது தன் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். எதற்கென்று நானும் கேட்கவில்லை.

எழிலரசி தாளில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் 'பிறவிச் சாய்வு' என்று ஓர் அறிக்கையை எங்கள் நிறுவனமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பி வைத்தது. குழு அவளைக் கூப்பிட்டுக் கேட்டது. அளவெடுத்த இயந்திரத்தில்தான் கோளாறு என்றாள். இடுப்புத் தேய்மானம் பிறவிக் குறை இல்லை, வெளிக் காரணத்தால் வந்தது என்று நிரூபணமானால் சிகிச்சைக்கு ஒரு வருடம் தந்து, வேலையை அவளுக்காகக் காத்துவைக்கலாம். பிறவிக் குறை என்றால் ஆணை ரத்து. அதுதான் விதி. ஆகவே அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள், அளவீட்டுப் பொறுப்பாளரின் பெயருக்கு. அதாவது எனக்கு.

'அளவீட்டில் பிழை உண்டா?' உண்டு என்று எழுதினேன்.  'பிழைக்கான காரணம்?' அந்தக் கட்டத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொறியாளன், பதினோரு வருட அனுபவம், அரசாங்கப் படிவத்தில், நீல மையில் அந்த வார்த்தையை எப்படி எழுதுவது? கடைசியில் 'இயந்திர அடித்தளத்தின் உள்ளூர் ஒழுங்கின்மை' என்று எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில், 'தெளிவாகக் குறிப்பிடவும்.' 'அந்நியப் பொருளின் இடையீடு' என்று திருத்தி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை கூடவே ஒரு துணைப் படிவம். பொருள் எது, எத்தனை, வைத்தவர் யார், எதற்காக, எப்போது அகற்றப்பட்டது, இல்லையென்றால் ஏன்.

எழிலரசி கூப்பிட்டாள்.

"சார், நாளன்னைக்குக் கெடு முடியுது. இன்னா எழுதி அனுப்பினீங்க? அங்க ஒருத்தர் சிரிக்கிறாரு. புரியலன்றாரு."

படித்துக் காட்டினேன். மறுமுனையில் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"எலுமிச்சம்பழம்னு எழுத இன்னா சார் கஷ்டம்? ரெண்டாங்கிளாஸ் பிள்ளை எழுதும்."

"அது இல்லம்மா. இது ரெக்கார்டுல இருக்கும். நாளைக்கு நாலு பேர் படிப்பாங்க. ஆராய்ச்சின்னாலே இவங்க இப்படித்தான்னு…"

"வெக்கமாக்கீதா சார்?"

நான் படிவத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவினேன்.

"எனக்கு இடுப்பு வலிக்குது சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

தலைவருக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. அவரே என் மேசைக்கு வந்தார். இரண்டு கால்களிலும் புதிய காலணிகள். எங்கள் தயாரிப்பு இல்லை.

"வைரவன், நீங்கள் எழுதப்போவது ஒரு பெண்ணின் வேலையைப் பற்றி என்று நினைக்கிறீர்கள். இல்லை. இந்த மண்ணின் அறிவியலைப் பற்றி. உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நிலத்தட்டு நகர்வு என்று எழுதுங்கள். ஆம்பூரில் நிலம் நகரக் கூடாது என்று சட்டமா?"

"அவங்க பொருள் எதுன்னு கேட்டிருக்காங்க சார்."

"நிலம் ஒரு பொருள்தானே" என்றார்.

அவர் போன பிறகு மோசஸ் மாஸ்டர் அனுப்பிய படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அறுபது பிள்ளைகள். இன்னும் பன்னிரண்டு லட்சம் ஜோடிகள் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருந்தன. அடுத்த மாதம் விநியோகம். சிறிது நேரம் பார்த்ததும் மறுபடியும் கொடிக்கம்பம் சாய்ந்ததுபோலத் தோன்றியது. படத்தைக் கவிழ்த்து வைத்தேன். பேனாவை எடுத்தேன்.

படிவத்தின் அடியில் 'நகல் பெறுவோர்' என்று ஒரு வரி இருந்தது. காலணித் திட்டத்தின் அதிகாரி பெயரை எழுதினேன். மோசஸ் மாஸ்டரின் பெயரையும், சாருலதாவின் பெயரையும் எழுதினேன்.  பிறகுதான் மேலே போனேன்.

பொருள் எது என்ற கட்டத்தில், எலுமிச்சம்பழம்.

எதற்காக என்ற கட்டத்தில், திருஷ்டிக்காக.

வைத்தவர் யார் என்ற கட்டத்தில் சிறிது நேரம் பேனா நின்றது. அந்த நாளில் புரோகிதர் தாம்பாளத்தை நீட்டியபோது பக்கத்தில் நின்றவன் நான். உருளைக்கு ஒன்றாக நான்கு. பெயரும் பதவியும் எழுதினேன்.

எத்தனை வைக்கப்பட்டன என்ற இடத்தில் நான்கு என்றும், நசுக்கிய பிறகு எத்தனை அகற்றப்பட்டன என்ற இடத்தில் மூன்று என்றும் எழுதினேன். அன்றைக்கே கூட்டி அள்ளும்போது எண்ணியிருந்தேன்.

நான்காவதைத் தேடாததற்கான காரணம் என்று கடைசிக் கட்டம் கேட்டது. பந்தி ஆரம்பித்துவிட்டது என்று எழுதினேன்.